கூரையில வானம் வரைஞ்ச ஹோட்டல்: லிட்டில் செஃப் கதை

கிளாம்பாக்கத்துல நைட் பஸ் ஏறி திருச்சி, மதுரை, திருநெல்வேலின்னு ஊருக்குப் போறவங்க எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். விழுப்புரம் தாண்டி எங்கேயோ ஒரு இடத்துல வண்டி நிக்கும். "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், சாப்பிடறவங்க சாப்பிடலாம்"னு ஒரு குரல். கண்ணு கூசுற டியூப்லைட், காது கிழியுற பாட்டு, பாத்ரூமுக்கு சில்லறை, ஊர்ல விக்கிறதை விட விலை ஜாஸ்தியா ஒரு ஆறிப்போன தோசை. அந்த ஹோட்டல் பேர் என்னன்னு கேட்டா நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

ஏன் அப்படி இருக்கு? அந்தக் கடைக்கு நீங்க திரும்ப வரணும்னு எந்த அவசியமும் கிடையாது. உங்களைக் கூட்டிட்டு வர்றது பஸ். நாளைக்கு வேற நாற்பது பேர் வருவாங்க. தெருமுனை டீக்கடைக்கு உங்க முகம் தெரியும், டீ நல்லா இல்லன்னா நாளைக்கு நீங்க எதிர்க்கடைக்குப் போயிடுவீங்க. ஹைவேயில அந்தப் பயம் இல்லை.

இந்தப் பிரச்சனைக்கு உலகம் கண்டுபிடிச்ச பதில்தான் செயின் ரெஸ்டாரன்ட். இந்தக் கடைக்கு நீங்க திரும்ப வராம இருக்கலாம், ஆனா 50 கிலோமீட்டர் தள்ளி இதே போர்டு இருக்கும். இங்க சரியில்லன்னா அங்கயும் வண்டியை நிறுத்த மாட்டீங்க. அதனால ஒவ்வொரு கடையும் ஒழுங்கா இருந்தாகணும்.

இன்னிக்கு அப்படி ஒரு செயினோட கதை. பிரிட்டன்ல அறுபது வருஷம் ஓடின லிட்டில் செஃப். உலகத்தோட மிகப்பெரிய சமையல்காரர்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு ரீடிசைன் பண்ணாங்க. ரீடிசைன் நல்லாவே வந்தது. செயின் மட்டும் பிழைக்கலை. ஏன்னு பார்ப்போம்.

பதினொரு சீட்

1958. லண்டனுக்கு மேற்கே ரெடிங்னு ஒரு ஊர். சாம் ஆல்பர்னு ஒருத்தர் அங்க பதினொரு சீட் மட்டும் இருக்கிற ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையைத் திறக்கிறார். ஆல்பர் அடிப்படையில ஹோட்டல்காரர் கிடையாது. காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற கேரவன் தயாரிக்கிறவர். ஸ்பிரைட்னு அவரோட கேரவன் ரொம்ப பிரபலம். அமெரிக்காவுல ரோட்டோரம் இருக்கிற டைனர் கடைகளைப் பார்த்துட்டு, நம்ம ஊர்லயும் இது ஓடும்னு நினைச்சிருக்கார்.

நேரமும் சரியா அமைஞ்சது. அதே 1958 டிசம்பர்லதான் பிரிட்டனோட முதல் மோட்டார்வே திறக்கப்பட்டது. சாதாரண குடும்பங்கள் கார் வாங்க ஆரம்பிச்ச காலம். ஞாயித்துக்கிழமை ஆனா குழந்தைகளைக் கூட்டிட்டு கடற்கரைக்குப் போறாங்க. வழியில உட்கார்ந்து சாப்பிட ஒரு சுத்தமான இடம் வேணும், பாத்ரூம் வேணும், கையைக் கடிக்காத விலை வேணும்.

கொஞ்ச வருஷத்துல இந்த செயின் ஃபோர்ட்டே குழுமத்துக் கையில வந்தது. சார்லஸ் ஃபோர்ட்டே இத்தாலியில பிறந்து பிரிட்டனுக்கு வந்தவர். 1935ல் லண்டன்ல ஒரு பால் கடையில ஆரம்பிச்சு பெரிய ஹோட்டல் சாம்ராஜ்யமே கட்டினவர். அவங்க காலத்துலதான் லிட்டில் செஃப் நாடு முழுக்கப் பரவுச்சு. 1986ல் அதோட முக்கியப் போட்டியான ஹாப்பி ஈட்டர் செயினையும் ஃபோர்ட்டேவே வாங்கிட்டாங்க. 1990கள்ல அந்தக் கடைகளையும் லிட்டில் செஃப்பா மாத்தினதுல, 90கள் கடைசியில மொத்தம் 400க்கும் மேல கிளைகள்.

மெனுவுல ஹீரோ ஒலிம்பிக் பிரேக்ஃபாஸ்ட். முட்டை, பேக்கன், சாசேஜ், காளான், பீன்ஸ், பிரெட்னு ஒரு தட்டு நிறைய வரும். அப்புறம் செர்ரி போட்ட பான்கேக். குழந்தைகளுக்குக் கிளம்பும்போது ஒரு லாலிபாப் இலவசம். சிவப்பு போர்டுல குண்டா ஒரு குட்டி சமையல்காரர் பொம்மை, பேரு சார்லி. பின் சீட்ல உட்கார்ந்திருக்கிற பசங்க தூரத்துல சார்லியைப் பார்த்ததும் கத்த ஆரம்பிச்சிடுவாங்க.

2004ல் அந்த சார்லியைக் கொஞ்சம் ஒல்லியா மாத்தலாம்னு கம்பெனி முடிவு பண்ணுச்சு. ஆயிரக்கணக்கான பேர் எதிர்ப்பு தெரிவிச்சதும் அந்த யோசனையைக் கைவிட்டுட்டாங்க. ஜனங்களுக்கு அந்த போர்டு மேல அவ்வளவு பாசம் இருந்தது. ஆனா அந்தப் பாசக்காரங்க எல்லாம் உள்ள போய் சாப்பிட்டாங்களான்னு கேட்டா, அங்கதான் சிக்கல்.

ரோடு மாறுச்சு

லிட்டில் செஃப் கடைகள் பெரும்பாலும் இருந்தது மோட்டார்வேயில இல்லை, ஏ-ரோடுன்னு சொல்ற பழைய பிரதான சாலைகள்ல. மோட்டார்வே நீள நீள, வேகமாப் போற வண்டிகள் அந்தப் பக்கம் போயிடுச்சு. நம்ம ஊர்லயும் பைபாஸ் வந்ததும் இதே கதைதானே? ஊருக்குள்ள பஸ் நின்னுட்டிருந்த ஹோட்டல்ல கல்லா காலியாச்சு, பைபாஸ் ஓரத்துல புதுக் கடை முளைச்சுது.

அடுத்தது போட்டி. மெக்டொனால்ட்ஸ் 1986ல் பிரிட்டன்ல முதல் டிரைவ்-த்ரூ திறந்தாங்க. காரை விட்டு இறங்கவே வேண்டாம். பெட்ரோல் பங்க்லயே சாண்ட்விச்சும் காபியும் கிடைக்க ஆரம்பிச்சது. உட்கார்ந்து, ஆர்டர் கொடுத்து, காத்திருந்து சாப்பிட அரை மணி நேரம் செலவு பண்ணணும்னா அந்தச் சாப்பாடு நல்லா இருக்கணும் இல்லையா? லிட்டில் செஃப்ல விலை ஏறிட்டே போச்சு, தரம் ஏறலை. ஜனங்க 'லிட்டில் தீஃப்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. தீஃப்னா திருடன்.

இது வரைக்கும் கேட்டா, பழசாகிப்போன ஒரு பிராண்ட், புதுசு பண்ணினா சரியாகிடும்னுதான் தோணும். ஆனா பின்னாடி இன்னொரு கதை ஓடிட்டிருந்தது.

கைமாறின கடை

கொஞ்சம் நம்பர்ஸ் வரும், பொறுமையா கேளுங்க.

1996ல் கிரானடாங்கிற கம்பெனி, ஃபோர்ட்டே குடும்பம் எவ்வளவோ எதிர்த்தும், அந்தக் குழுமத்தையே வாங்குச்சு. விலை சுமார் 390 கோடி பவுண்ட். 2000ல் கிரானடா காம்பஸ்ங்கிற கேட்டரிங் கம்பெனியோட இணைஞ்சு, அப்புறம் பிரிஞ்சுது. அடுத்து பெர்மிராங்கிற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் டிராவலாட்ஜ் விடுதிகளையும் லிட்டில் செஃப்பையும் சேர்த்து 71.2 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. 2005ல் லிட்டில் செஃப் மட்டும் தனியா, சுமார் 5.2 கோடி பவுண்டுக்கு வேற ரெண்டு தொழிலதிபர்கள் கைக்குப் போச்சு. 2007 தொடக்கத்துல கம்பெனி திவால் நிலைக்கு வந்து, ஆர்கேப்பிட்டல்ங்கிற நிறுவனம் 1 கோடி பவுண்டுக்கும் குறைவான விலைக்கு வாங்குச்சு.

பதினோரு வருஷத்துல இத்தனை முதலாளிகள். இதுல நடுவுல நடந்த ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். கடை நின்னுட்டிருந்த சொந்த இடங்கள் பலதை வித்துட்டு, அதே இடத்துல வாடகைக்கு உட்கார்ந்தாங்க. 'சேல் அண்ட் லீஸ்பேக்'னு இதுக்குப் பேர்.

வீட்டுக் கணக்குல யோசிங்க. தாம்பரத்துல உங்க தாத்தா கட்டின வீடு ஒண்ணு இருக்கு. அதை வித்துட்டு, வாங்கினவர்கிட்டயே மாச வாடகைக்குக் குடியிருக்கீங்க. அன்னிக்குக் கையில பெரிய பணம். ஆனா அடுத்த மாசத்துல இருந்து, சம்பளம் வந்தாலும் வராட்டியும் ஒண்ணாம் தேதி ஆனா வாடகை கொடுக்கணும்.

ரோட்டோர ஹோட்டலுக்கு சொந்த இடம்தான் ஷாக் அப்சார்பர். வியாபாரம் மோசமான வருஷத்துல, இடம் சொந்தமா இருந்தா மூச்சைப் பிடிச்சுட்டு சமாளிக்கலாம். வாடகை இருந்தா சமாளிக்க முடியாது. அடுப்பு மாத்தணும், சீட் கிழிஞ்சிருக்கு, பாத்ரூம் டைல்ஸ் உடைஞ்சிருக்குன்னு வரும்போது அதுக்கான பணம் ஏற்கெனவே வாடகைக்குப் போயிருக்கும்.

நம்ம தொழில்ல டெக்னிக்கல் டெட்னு சொல்லுவோம். இன்னிக்கு அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி, அதுக்கு வட்டி அடுத்த அஞ்சு வருஷத்துக்கு. இங்க நடந்தது உவமை கூட இல்லை, நிஜக் கடன்.

வானம் வந்தது

இந்த நிலைமையில, ஆர்கேப்பிட்டல் காலத்துல, தலைமை நிர்வாகி இயன் பெக்லர் ஒரு பெரிய முயற்சி எடுக்கிறார். சேனல் 4 டிவியோட சேர்ந்து, ஹெஸ்டன் புளூமென்தாலைக் கூட்டிட்டு வர்றாங்க.

ஹெஸ்டன் யாருன்னா, பிரே கிராமத்துல ஃபேட் டக்னு ரெஸ்டாரன்ட் நடத்துறவர். மூணு மிஷலின் ஸ்டார். 2005ல் உலகத்தோட சிறந்த ரெஸ்டாரன்ட்னு தேர்வான இடம். பேக்கனும் முட்டையும் வச்சு ஐஸ்கிரீம் பண்றவர். அவர் போய் லிட்டில் செஃப் கிச்சன்ல நிக்கிறார். அங்க இருக்கிறது தட்டையான ஒரு கல்லும் மைக்ரோவேவும்.

ஹாம்ப்ஷைர்ல ஏ303 சாலையில பாப்பம்ங்கிற கிளையைத்தான் சோதனைக்கு எடுத்தாங்க. 2009 ஜனவரியில நிகழ்ச்சி ஒளிபரப்பாச்சு. முதலாளி தரப்புல இருந்து 'ப்ளூ ஸ்கை திங்கிங்' வேணும், எல்லையே இல்லாம யோசிங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க. ஹெஸ்டன் கேக்கிறது, "சரி, பட்ஜெட் எவ்வளவு? என்ன எதிர்பார்க்கிறீங்க?"ங்கிற மாதிரியான கேள்விகள். ஆபீஸ்ல ரிக்வயர்மென்ட் மீட்டிங்ல உட்கார்ந்தவங்களுக்கு அந்தக் காட்சி பார்க்கும்போது வயித்தைக் கலக்கும்.

முதல்ல ஹெஸ்டன் தன் பாணியில விசித்திரமா சில ஐட்டம் முயற்சி பண்றார். வழக்கமா வர்றவங்களுக்குப் பிடிக்கலை. லாரி ஓட்டிட்டு வர்றவருக்கும் குழந்தையோட வர்ற அம்மாவுக்கும் வேண்டியது அந்தப் பழைய பிரேக்ஃபாஸ்ட். அதை அவர் புரிஞ்சுக்கிறார். அதே தட்டு, ஆனா நல்ல முட்டை, நல்ல பேக்கன், ஒழுங்கான சமையல்னு மாத்துறார். கூடவே பல மணி நேரம் மெல்லிய தீயில வேகவச்ச மாட்டுக் கன்னக்கறி மாதிரி சில புது ஐட்டம்.

கடையை வடிவமைச்சவர் ஆப் ராஜர்ஸ். சிவப்பும் வெள்ளையுமா டைல்ஸ், சிவப்பு சீட். கூரையில நீல வானமும் மேகமும். பாத்ரூம்ல ஸ்பீக்கர் வச்சு சத்தங்கள். பழைய அடையாளத்தை அழிக்காம மெருகேத்தின வேலை.

ரிசல்ட்? கூட்டம் வந்தது. பாப்பம் கிளை 2010 குட் ஃபுட் கைடுல இடம் பிடிச்சது. பிரிட்டன்ல நல்ல ரெஸ்டாரன்ட்னு பேர் வாங்க அப்போ அந்தப் புத்தகத்துல வர்றது முக்கியமா இருந்தது. ரோட்டோரக் கடை ஒண்ணு அதுல வந்தது பெரிய விஷயம். அதனால டிசைன் மோசம், ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டு நாம இந்தக் கதையை முடிக்க முடியாது.

ஒரு கடை ஜெயிச்சா போதுமா?

பாப்பத்துக்கு அப்புறம் கெட்டரிங், யார்க்னு இன்னும் சில கிளைகளை மாத்தினாங்க. அப்போ மொத்தம் 150க்கும் மேல கிளைகள் இருந்தது. அதுல பெரும்பாலானது கடைசி வரைக்கும் பழைய மாதிரியேதான் இருந்துச்சு.

இப்போ ஒரு சாதாரண குடும்பமா யோசிச்சுப் பாருங்க. டிவியில ஹெஸ்டனைப் பார்த்தாச்சு. ரோட்ல போறீங்க, சார்லி போர்டு தெரியுது. ஆஹான்னு வண்டியைத் திருப்புறீங்க. உள்ள போனா வானமும் இல்லை, மேகமும் இல்லை. அதே பழைய சீட், அதே பழைய தட்டு. டிவியைப் பார்க்காம வந்திருந்தா பரவாயில்லைன்னு போயிருப்பீங்க. பார்த்துட்டு வந்ததால ஏமாந்த மாதிரி ஆயிடுச்சு.

ஆரம்பத்துல என்ன சொன்னேன்? ஹைவேயில செயினுக்கு இருக்கிற ஒரே சொத்து 'எல்லா இடத்துலயும் இதே மாதிரிதான்'ங்கிற வாக்கு. அரைகுறை ரீடிசைன் அந்த வாக்கையே உடைச்சிடுச்சு. ஒரே போர்டு, உள்ள ரெண்டு விதமான கடை. ஆப்-ல ஒரு சதவீத யூசர்ஸுக்கு மட்டும் புது டிசைன் காட்டி டெஸ்ட் பண்ணுவோம். நல்லா வந்தா ரெண்டே வாரத்துல எல்லாருக்கும் போயிடும், செலவும் பெருசா ஆகாது. கடைக்கு அப்படி ரோல்அவுட் பண்ண முடியாது. ஒவ்வொரு கிளைக்கும் கொத்தனார் வரணும், கிச்சன் மாத்தணும், ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்கணும், அத்தனை நாள் கடையை மூடணும். 150 கடைக்கு அந்தப் பணம் எங்க இருந்து வரும்? அந்தப் பணத்துக்கான வழியை, சொந்த இடங்களை வித்த அன்னிக்கே வித்தாச்சு.

என் பார்வையில லிட்டில் செஃப் தோல்வியோட மையம் இதுதான். நல்ல டிசைனை எல்லாக் கடைக்கும் கொண்டுபோற சக்தி கம்பெனிகிட்ட மிச்சம் இல்லை.

2012 ஜனவரியில 67 கிளைகளை மூடறதா அறிவிச்சாங்க. சுமார் 600 பேர் வேலைக்கு ஆபத்து. இந்த முதலாளி மாற்றம் எதுலயும் அவங்க கையெழுத்து கிடையாது. காலையில அஞ்சு மணிக்கு வந்து கல்லு சூடு பண்ணினவங்க, இருபது வருஷம் ஒரே கடையில தட்டு எடுத்தவங்க.

2013ல் குவைத்தைச் சேர்ந்த கௌட் ஃபுட் குரூப் மீதி இருந்த 78 இடங்களை 1.5 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. ஹெஸ்டனோட தொடர்பை முடிச்சுக்கிட்டாங்க. 2017ல் அவங்க 70 இடங்களை யூரோ கேரேஜஸ்க்கு வித்தாங்க. 2018 தொடக்கத்துல அந்த போர்டு சாலைகள்ல இருந்து மறைஞ்சது.

இந்த யூரோ கேரேஜஸ் யாருன்னு தெரியுமா? குஜராத்துல இருந்து போன குடும்பத்துல பிறந்த மோசின் இஸா, ஜுபேர் இஸான்னு ரெண்டு அண்ணன் தம்பி. 2001ல் பெரின்னு ஒரு ஊர்ல ஒரே ஒரு பெட்ரோல் பங்க்ல ஆரம்பிச்சவங்க. லிட்டில் செஃப் இருந்த இடத்துல அவங்க ஸ்டார்பக்ஸ், கே.எஃப்.சி., சப்வேன்னு மத்தவங்க பிராண்டைக் கொண்டுவந்து வச்சாங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது அந்த இடங்கள். சார்லி பொம்மையும் மெனுவும் இல்லை.

நம்ம ரோட்டுக்கு வருவோம்

இது ஏதோ வெள்ளைக்காரன் கதைன்னு விட முடியாது. சென்னைக்காரங்க யார்கிட்டயாவது, முக்கியமா நாற்பது வயசு தாண்டினவங்ககிட்ட, டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் பத்திக் கேளுங்க. கண்ணு கலங்கும். 1962ல் கதீட்ரல் ரோட்ல, மரத்தடியில காரை நிறுத்தி, கார் ஜன்னல்ல தட்டு மாட்டி, காபி குடிச்ச இடம். சாப்பாடு நல்லா இருந்தது, கூட்டம் இருந்தது, பேர் இருந்தது. 2008ல் மூடினாங்க. அங்க பிரச்சனை ருசியோ டிசைனோ இல்லை. இடம் சொந்தம் இல்லை, குத்தகை நிலம். அரசாங்கம் எடுத்துக்கிட்டு, 2010ல் அங்க செம்மொழிப் பூங்கா திறந்தது.

அடுத்தது நமக்கு ரொம்ப நெருக்கமான ஒண்ணு. கஃபே காபி டே. 1996ல் பெங்களூர் பிரிகேட் ரோட்ல ஆரம்பிச்சு, ஹைவே ஓரம் வரைக்கும் பரவின செயின். ஊருக்குப் போற வழியில சுத்தமான பாத்ரூம் வேணும்னா அந்த சிவப்பு போர்டைத் தேடின காலம் நமக்கு ஞாபகம் இருக்கும். 2019ல் கிட்டத்தட்ட 1,750 கடைகள். அந்த ஜூலையில நிறுவனர் சித்தார்த்தா இறந்தப்போதான், தாய் நிறுவனத்தோட கடன் சுமார் 7,200 கோடி ரூபாய்னு ஊரே பேசுச்சு. அதுக்கப்புறம் பொறுப்புல இருந்தவங்க, பின்னாடி அவரோட மனைவி மாளவிகா ஹெக்டேவும், சொத்துகளை வித்து, நஷ்டத்துல ஓடின கடைகளை மூடி, ரெண்டு வருஷத்துல அந்தக் கடனை 2,000 கோடிக்கும் கீழ கொண்டுவந்தாங்க. கடைகளும் 600க்கும் கீழ வந்துடுச்சு. வலி நிறைஞ்ச வழிதான். ஆனா லிட்டில் செஃப் முதலாளிகள் கூரையில கை வச்ச இடத்துல, இவங்க முதல்ல அஸ்திவாரத்துல கை வச்சாங்க.

நாவலூர் சிக்னல்ல நின்னு ஓ.எம்.ஆர் ரெண்டு பக்கமும் பாருங்க. ஹோட்டல் போர்டு எவ்வளவு சீக்கிரம் மாறுதுன்னு தெரியும். புது பெயின்ட், புது மெனு கார்டு, வாசல்ல பலூன், ஆறு மாசத்துல 'டு லெட்'. சாப்பாடு நல்லா இல்ல போலன்னு நாம சுலபமா சொல்லிட்டுப் போயிடுறோம். ஐ.டி கம்பெனிகளை நம்பி ஏறின வாடகைக்கு எத்தனை தோசை விக்கணும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு தோசையில 20 ரூபாய் மிஞ்சும், மாச வாடகை 2 லட்சம்னு வச்சுக்குவோம். வாடகைக்கு மட்டுமே மாசம் 10,000 தோசை. ஒரு நாளைக்கு 330க்கு மேல. அதுக்கப்புறம்தான் மாஸ்டர் சம்பளம், கரன்ட் பில், முதலாளி வீட்டுச் செலவு.

அதனால உங்களுக்குப் பிடிச்ச ஒரு கடை திடீர்னு புது லோகோ, புது சீட்னு மாறினா, நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்காதீங்க. இடம் யாரோடது, கடன் எவ்வளவு, இந்த மாற்றம் எல்லாக் கிளைக்கும் போகுமான்னு கேளுங்க. நீங்க வேலை செய்ற கம்பெனியில 'யூ.ஐ-யை மாத்தினா யூசர்ஸ் திரும்ப வந்துடுவாங்க'ன்னு யாராவது சொன்னாலும் இதே கேள்விகள் பொருந்தும்.

இன்னிக்கு எபிசோட் அவ்வளவுதான். உங்க ஊர் ரோட்டோரத்துல மூடிப்போன ஹோட்டல் எதாவது இருந்தா, அது ஏன் மூடிச்சுன்னு பக்கத்து டீக்கடை அண்ணன்கிட்ட விசாரிச்சு எங்களுக்கு எழுதுங்க. முடிஞ்சா அங்க வேலை பார்த்தவங்க இப்போ எங்க இருக்காங்கன்னும் கேட்டு எழுதுங்க.